நிறைகுடமும் வெறுந்தாங்கியும்

நிறைகுடம் தளும்பாது என்பது நம் முன்னோர் வாக்கு. நீர்க்குடத்தை மனத்திற்கொண்டு அவர்கள் கூறிய அவ்வார்த்தை மோட்டார் வாகனத்தின் பெற்றோல் தாங்கிக்கும் பொருந்தும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். பெற்றோல் நிரம்பிய தாங்கி, பெற்றோல் வடிக்கப்பட்ட வெறுந்தாங்கி ஆகிய இரண்டில் எது அபாயம் மிக்கது என்று மாணவர்களைக் கேட்டால், நிறைந்த தாங்கியே என்று பெரும்பாலோர் விடை கூறுவர். உண்மை இதற்கு மாறானது. நெருப்பை அருகே கொண்டுசெல்லும் கைக்கு வெறுந்தாங்கியே கொடிய எதிரி.

இவ்விஷயத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், மரக்கறி வியாபாரஞ் செய்யும் வாசகர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதமாகும். அவரிடம் பழைய மொறிஸ் மைனர் வான் ஒன்று உண்டு. விடியுமுன் தோட்டத்திலிருந்து சந்தைக்கு மூட்டைகளை ஏற்றிச் செல்வது அதுவே. வீட்டில் உலை ஏறுவதும் அதன் உழைப்பினாலேயே. அண்மைக் காலமாக வானின் பின்புறத்தே பெற்றோல் மணம் வீசுகிறது. நிறுத்திய இடத்தில் ஈரம் காண்கிறது. ஒரு கராஜில் காட்டியபோது, தாங்கியைக் கழற்றி வாயு வெல்டிங் வைத்தால் அரைமணி நேரத்தில் வேலை முடியுமென்றார்களாம். அங்கு வேலை பழகும் பையன் இவருடைய மருமகனே. "வேலையை அவன் கையாலேயே செய்விக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

செய்விக்கலாகாது என்பதே நமது மறுமொழி. ஆயினும் காரணம் கூறாது 'ஆகாது' என்று மட்டும் கூறுவது போதாது. ஆகவே, தாங்கியைக் கழற்றுதல், திருத்துதல், மீண்டும் பூட்டுதல் ஆகிய மூன்றையும் முறையாக நோக்குவோம்.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்பவரின் திட்டத்தில் உருவான இவ்வாகனத்தின் வான் வடிவம் 1953 இல் வெளிவந்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டபின், 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று நம் வீதிகளில் ஓடும் மைனர்களுள் மிக இளையதற்கும் அரை நூற்றாண்டு வயது கடந்துவிட்டது. மனிதருக்கு மூட்டு வலி எப்படியோ, அந்த வயதுடைய வண்டிக்குத் துரு அப்படி.

தாங்கி இரு பக்கத்தாலும் துருப்பிடிக்கும். வெளியே, கடற்காற்றின் உப்பும் மாரிகாலச் சேறும் அதனை அரிக்கும். உள்ளே, நீர் அரிக்கும். பெற்றோலுள் நீர் எங்கிருந்து வந்தது என வினவலாம். தாங்கி பாதி வெறுமையாக நிற்கும்போது அந்த வெறுமையை நிரப்புவது ஈரப்பதன் கொண்ட காற்றாகும். இரவிலே தகடு குளிரும்போது அந்த ஈரம் பனித்துளிபோல உள்ளே படியும். நீர் பெற்றோலிலும் பாரமானது. ஆதலால் அது அடியிற் சென்று தங்கி, ஆண்டுக்கணக்கிற் கிடந்து தகட்டைத் தின்னும். ஓட்டை பெரும்பாலும் அடிப்பாகத்திலேயே விழுவதன் இரகசியம் இதுவே. எப்போதாவது ஓடும் வண்டியை வெறுந்தாங்கியுடன் நிறுத்தி வைப்பது சிக்கனமன்று என்பதையும் இதிலிருந்து உணரலாம்.

யாழ்ப்பாணத்துப் பழைய வண்டிகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990 முதல் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் அரிதாகச் சேமித்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு இயந்திரத்தை முதலில் உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அக்கால இளைஞரின் கைத்திறமைக்கு அது ஒரு சான்று. ஆனால் மண்ணெண்ணெயோடு பழகிய கைக்குப் பெற்றோலைப் பற்றிய அச்சம் குறைந்துவிடுவதும் உண்டு. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைப் போதியளவு வெளிவிடாது. பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அத்தகைய ஆவியை வெளிவிடும். இரண்டும் எண்ணெய்தானே என்று எண்ணுவது பூனையையும் புலியையும் ஒரு குலமென்று ஒன்றாகக் கட்டிவைப்பது போலாகும்.

இனி, வெறுந்தாங்கியின் அபாயத்தை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். எரிவது பெற்றோல் திரவமன்று, அதன் ஆவியே. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடைப்பட்ட அளவிற் கலந்திருக்கும்போதே தீப்பற்றும். அதற்குக் குறைந்தால் எரிவதற்கு ஆவி போதாது; கூடினால் எரிவிப்பதற்குக் காற்றுப் போதாது. நிறைந்த தாங்கியின் மேற்புறத்திலுள்ள சிறு வெளியில் ஆவி மிக மிஞ்சியிருப்பதனால் அங்கே பொதுவாகத் தீப்பற்றுவதில்லை. ஆனால் 30 லீற்றர் கொள்ளும் தாங்கியிலிருந்து பெற்றோலை முழுதும் வடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.4 சதவீதம் என்பது அரை லீற்றருக்குக் குறைந்த ஆவி. அவ்வளவு ஆவியைத் தருவதற்கு வேண்டிய பெற்றோல் அரைத் தேக்கரண்டியளவே! இரண்டு தேக்கரண்டி வரை அந்த அபாய எல்லை நீளும். வடித்த தாங்கியின் மூலைமுடுக்குகளிலும், தகடுகள் இணைந்த ஓரங்களிலும், துருப்படையினுள்ளும் அந்த இரண்டு தேக்கரண்டி ஒளிந்திராது என்று யாரால் உறுதி கூறவியலும்? வடித்து முடித்த தாங்கி என்பது அளவோடு மருந்திட்ட வெடிகுண்டேயன்றி வேறன்று.

"மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை" என்பாரும் உளர். மணம் போனாலும் துருவினுள் ஊறிய பெற்றோல் போவதில்லை. சுவாலை பட்டுத் தகடு சூடேறியதும் அது புதிதாக ஆவியாகும். வேறொரு வாகனத்தின் புகையைத் தாங்கியினுட் செலுத்திவிட்டு வெல்டிங் வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. புகை எவ்வளவு சென்றது, காற்று எவ்வளவு எஞ்சியது என்பதை அளப்பாரில்லாதபோது அம்முறையை நம்பி உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமையன்று.

இவ்வளவும் அறிந்தபின் தாங்கியைக் கழற்றும் முறைக்கு வருவோம். முதலில் ஒழுகுவது தாங்கிதானா என்பதைத் தெளிந்து கொள்ளல் வேண்டும். மைனரில் பெற்றோலை இழுக்கும் மின்பம்பு முன்னே இயந்திர அறையில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று ஒலித்து, காபரேற்றர் நிரம்பியவுடன் அது அடங்கவேண்டும். தாங்கியிற் பெற்றோல் இருந்தும் அவ்வொலி அடங்காது நீடிக்குமாயின், பின்னிருந்து முன்வரும் குழாயில் எங்கோ வெடிப்பு உண்டாகி, பம்பு பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சுகிறது எனச் சந்தேகிக்கலாம். நிரப்பும் வாயையும் தாங்கியையும் இணைக்கும் றப்பர்க் குழாய் வெடித்திருப்பின், தாங்கியை நிரப்பிய அன்று மட்டும் ஒழுக்குக் காணும். நாலைந்து நாள் சென்று பெற்றோல் குறைந்தபின்னும் அடியில் ஈரம் கண்டால் தாங்கியிலேயே நோய் என்க.

வேலை நடக்கவேண்டிய இடம் திறந்தவெளியாகும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலெழுந்து கலைவதில்லை. நீரைப்போலத் தாழ்ந்த இடத்தை நாடி ஓடும். கராஜ்களில் வண்டியின் கீழ் நின்று வேலை செய்ய வெட்டிய குழிக்குமேல் தாங்கியைக் கழற்றினால், குழி ஆவிக்கிணறாகிவிடும். பத்தடி தள்ளியிருக்கும் குசினி அடுப்போ ஒருவர் வீசிய பீடித்துண்டோ அதற்குப் போதுமானது. வேலை நடக்கும் நாளில் வீட்டார்க்கும் இதனை முன்கூட்டியே அறிவித்து, சிறுவரை அப்பாற் கொண்டுபோதல் இல்லத்தரசியின் பொறுப்பாகும்.

முதல் வேலை, பற்றறியின் இணைப்பைக் கழற்றுவது. வண்டியின் உடலோடு பிணைந்த கம்பியையே முதலிற் கழற்றவேண்டும். மைனரில் அது நேர்முனை என்பதை மறத்தலாகாது. இரண்டாவது, பெற்றோலை வடிப்பது. பிளாஸ்ரிக் வாளியைத் தவிர்த்து, உலோகப் பாத்திரத்தைத் தாங்கியோடு தொட்டிருக்குமாறோ கம்பியால் இணைத்தோ வைத்தல் நன்று. ஓடும் பெற்றோலில் தோன்றும் நிலைமின்சாரம் பொறியாக மாறாதிருத்தற்கு அதுவே உபாயம். குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் பழக்கத்தை முற்றாகக் கைவிடல் வேண்டும். ஒரு மிடறு நுரையீரலுட் சென்றால் உயிருக்கே ஆபத்து. தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தலும் தீது. தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். குளிர்பானப் போத்தலில் வடித்து அடுக்களை மூலையில் வைப்பதும் இத்தகைய பிழையே. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைக் காலத்தில் பல வீடுகளில் அவ்விதம் சேமிக்க நேர்ந்தது. தட்டுப்பாடு நீங்கிய பின்னும் அந்தப் பழக்கம் நீடிக்க வேண்டியதில்லை.

வடித்தபின், அளவுகாட்டியின் கம்பியையும் பெற்றோல் குழாயையும் நிரப்புவாய்க் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டுக் கட்டுக. துருவேறிய நட்டுகளுக்கு முந்திய நாள் மாலையே எண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் பொறுமையாகத் திருகி எடுக்கலாம். திருகாதவற்றை அரைக்கும் இயந்திரத்தால் வெட்டுதல் ஆகாது. அதிலிருந்து பறப்பது பொறி. கைவாள் மெதுவானதேயாயினும் பாதுகாப்பானது. தாங்கியின் கீழே பலகை வைத்து, ஜக்கினால் தாங்கிக்கொண்டு, கடைசி ஆணியைக் கழற்றி, சிறிது சிறிதாகக் கீழிறக்குக. வெளியே வந்த தாங்கியின் எல்லாத் துவாரங்களையும் அடைத்து நிழலில் வைக்கவும்.

திருத்தும் வேலைக்கு முன் தகட்டின் நிலையை நோக்கவேண்டும். மழுங்கிய முனையுள்ள கருவியால் அடிப்பாகத்தை அழுத்திப் பார்க்கும்போது அது அட்டைபோல் உள்வாங்கினால், ஒட்டுப்போட்டுப் பயனில்லை. ஓர் ஓட்டையை மூட இரண்டு ஓட்டைகள் பிறக்கும். வேறொரு தாங்கியைத் தேடுவதே செலவு குறைந்த வழி. தகடு திடமாயிருந்து, ஊசித்துவாரம் போன்ற ஓட்டை ஒன்றிரண்டு மட்டும் இருப்பின் திருத்தலாம்.

திருத்துவதற்கு உகந்தவர் றேடியேற்றர் வேலை செய்யும் அனுபவசாலியே. பழைய தாங்கிகள் பெரும்பாலும் ஈயமும் தகரமும் கலந்த பூச்சுடைய உருக்குத் தகட்டினால் ஆனவை. ஈயப்பற்று அத்தகட்டில் நன்றாகப் பிடிக்கும். அதற்கு வெல்டிங்கின் சூடு வேண்டியதில்லை. ஆயினும் முறை தவறாது செய்தல் வேண்டும். சவர்க்காரத் தூள் கரைத்த வெந்நீரால் தாங்கியைப் பலமுறை குலுக்கிக் கழுவி, பின்னர் நீராவியை நீண்ட நேரம் உட்செலுத்த வேண்டும். அதன்பின் ஓட்டை மேலே வருமாறு தாங்கியைச் சாய்த்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை நீரை நிரப்பினால் ஆவி தங்குவதற்கு இடமே இராது. அந்நிலையிலும் சுவாலையைக் காட்டாது, அப்பாற் சூடேற்றிய செப்புக்கோலாற் பற்று வைப்பதே விவேகம். நெருப்பே வேண்டாமென்போர்க்கு இரு கூறுகளைக் கலந்து பூசும் இரசாயனப் பசைகளும் உண்டு. கழுவி, உலர்த்தி, துருவைச் சுரண்டிய தகட்டிலேயே அவை பிடிக்கும். அவை காலத்தைக் கடத்த உதவும். தகட்டின் நோயைத் தீர்க்கமாட்டா.

உள்ளே துரு மிகுந்திருந்தால், தாங்கியினுள் சிறு சங்கிலியை இட்டுக் குலுக்கிப் பொருக்கை உதிர்க்கலாம். பின்னர் வினாகிரி நிரப்பி ஓரிரு நாள் வைத்தால் எஞ்சிய துரு இளகும். அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, உடனே வெயிலில் உலர்த்தி, உட்புறம் முழுவதும் எண்ணெய் படும்படி செய்யவேண்டும். இன்றேல் ஒரே இரவில் துரு திரும்பும். கழுவிய நீரில் ஈயமும் பெற்றோலும் கலந்திருக்குமாதலால் அதைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றுதல் பெரும் பாதகமாகும். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது கீழே நீரிற் சேர நெடுநாள் செல்லாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலையை நாம் மறக்கவில்லை. கழிவைப் பாத்திரத்தில் அடைத்துவைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் இடத்திற் சேர்ப்பிக்க.

ஒட்டுப் பிடித்ததா என்று சோதிக்கும்போதும் அவசரம் ஆகாது. துவாரங்களை அடைத்து, சைக்கிள் பம்பினால் மிக மெல்லக் காற்றூதி, சவர்க்கார நுரையைப் பூசினால், ஒழுகுமிடத்திற் குமிழி எழும். சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அழுத்தமே போதும். ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை இதற்கு உபயோகிப்போர் கணக்கறியாதவர். 24 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உள்ள அடித்தகட்டின் பரப்பு 432 சதுர அங்குலம். பத்து இறாத்தல் அழுத்தம் என்றால் அத்தகட்டின்மேல் 4320 இறாத்தல், அதாவது ஏறக்குறைய இரண்டு தொன் பாரம்! பழுத்த தகடு அதைத் தாங்குமா?

மீண்டும் பூட்டும்போது, தாங்கி உடலோடு உராயும் இடங்களில் றப்பர்த் துண்டு வைப்பது நலம். கம்பளித் துணி ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து மறுபடியும் துருவை வளர்க்கும். அளவுகாட்டியின் கீழுள்ள பழைய கார்க்குத் தட்டைப் புதுப்பிக்க. றப்பர்க் குழாய்களையும் மாற்றுக. வர்ணப்பூச்சும் றப்பரும் தாங்கியை வண்டியின் உடலிலிருந்து பிரித்துவிடுமாதலால், அளவுகாட்டி சரியாக வேலை செய்யத் தாங்கியிலிருந்து உடலுக்கு ஒரு கம்பி இணைக்க வேண்டியிருக்கும். மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தையும் மறவாது பார்க்கவேண்டும். அது அடைபட்டால் பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, சில மைல் ஓடியதும் இயந்திரம் நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்ற ஒலி எழுமானால் நோய் அதுவே.

எல்லாம் பூட்டியபின் முதலில் நாலைந்து லீற்றர் பெற்றோல் மட்டும் விட்டு, கீழே உலர்ந்த காகிதம் விரித்து, ஒரு மணி நேரம் காத்திருக்க. காகிதம் உலர்ந்திருந்தால் பற்றறியை இணைக்கலாம். பற்றறியே கடைசி வேலை. பம்பு ஒலித்து அடங்குகிறதா என்று செவிமடுத்து, பின்னர் தாங்கியை நிரப்பி மறுபடியும் காகிதத்தைப் பார்க்க. பெற்றோல் குழாயில் ஒரு வடிகட்டியைப் புதிதாகச் சேர்ப்பதும், முதல் மாதத்தில் அதை அடிக்கடி பார்ப்பதும், எஞ்சிய துரு காபரேற்றரை அடையாது காக்கும்.

அரைமணி நேர வேலை இரண்டு மூன்று நாள் வேலையாகிவிட்டதே என்று வியாபாரி அன்பர் கவலைப்படுவது இயற்கை. இரண்டு நாட் சந்தையை இழப்பது குடும்பத்துக்குச் சிறிய காரியமன்று. அயலவரின் வண்டியை வாடகைக்குப் பிடித்தேனும் அந்நாட்களைச் சமாளிக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். ஏனெனில் அவசரம் நம்முடையதாயினும் சுவாலையைப் பிடிப்பது பிறர் பிள்ளையின் கை. வேலை பழகும் பையன்கள் முதலாளி சொன்னதை மறுக்கத் துணியார். வாடிக்கையாளர் நிற்கிறார் என்றால் இன்னும் விரைவர். ஆகவே கேட்கவேண்டியவர்கள் நாமே. "தம்பி, தாங்கியைக் கழுவியாயிற்றா? நீராவி வைத்தாயிற்றா? நீர் நிரப்பியாயிற்றா?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்று விடை வந்தால், தாங்கியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். நாளைக்கும் சந்தை கூடும்.